க்யூபேஸில் தவில் ப்ளகின் காட்டவில்லையா?

வணக்கம் நண்பரே. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாப் பாட்டுக்கு வைத்திருக்கும் பழைய 32 பிட் தவில் ப்ளகின் (தவில் ஒலி தரும் துணை மென்பொருள்), புது கணினியில் இசைப்பதிவு மென்பொருளான க்யூபேஸ் 10-இன் பட்டியலில் வரவில்லை என்கிறீர்கள். நானும் சேலம்தான், ஆடிக்குள் முடிக்க வேண்டிய அவசரம் புரிகிறது.

விண்டோஸை மாற்றவே வேண்டாம். 64 பிட் நிரல் 32 பிட் டிஎல்எல்லை, அதாவது ப்ளகின் ஃபைலை, தனக்குள் ஏற்றவே முடியாது. க்யூபேஸ் 9 முதல் 64 பிட் மட்டும்தான். அதனால் ஃபோல்டரை எங்கே மாற்றி வைத்தாலும் பயனில்லை.

முதலில் ப்ளகின் செய்தவரிடம் 64 பிட் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரீப்பர் என்ற இன்னொரு இசைப்பதிவு மென்பொருளை நம்பலாம். அதன் 64 பிட் பதிப்பு, 32 பிட் ப்ளகினைத் தனி ப்ராசஸாக ஓட்டும். க்யூபேஸிலிருந்து தவில் ட்ராக்கை மிடி ஃபைலாக (ஒலி இல்லாமல் வாசிப்புக் குறிப்புகள் மட்டும்) எடுத்து, ரீப்பரில் அதே டெம்போவில் போட்டு, வேவ் ஒலி ஃபைலாக ரெண்டர் செய்து திரும்பக் கொண்டுவாருங்கள். சாம்பிள் ரேட்டும் ஒன்றாக இருக்கட்டும். அப்புறம் அந்த ப்ளகின் இனி ஓடாவிட்டாலும் உங்கள் தவில் பத்திரம்.

32 பிட் ப்ளகினை 64 பிட் நிரலோடு இணைக்கும் ஜேபிரிட்ஜ் போட்டால் க்யூபேஸுக்குள்ளேயே வாசிக்கலாம், ஆனால் அது கட்டண மென்பொருள். க்யூபேஸ் அந்த ப்ளகினைத் தடைப்பட்டியலில் தள்ளினால் ப்ளகின் மேனேஜரில் போய் மீட்க வேண்டும். திருவிழா நெருங்கும்போது இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.