பொரிக் கிண்ணமும் முக்காலியும்: சி.பி. பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை

(கடலூரில் குழந்தைகளுக்கு பிசியோதெரபி பார்க்கிறேன். மூளை முடக்குவாதம் (சி.பி.) உள்ள பிள்ளைகளின் வயிறு, முதுகு, இடுப்பு பலம் பற்றி வந்த கேள்விகள்.)

நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா: பையனுக்கு நாலு வயசு. உட்கார வைத்தால் சரிகிறான். சிட்-அப்ஸ் செய்ய வைக்கலாமா சார்?

வேண்டாம்மா. கால் இறுக்கம் உள்ள பிள்ளை படுத்து எழ முயன்றால் மூச்சைப் பிடித்துக்கொள்வான், கால்கள் இன்னும் இறுகிப் பின்னிக்கொள்ளும். நமக்கு வேண்டியது, கை நீளும்போது உடம்பு சரியாமல் இருப்பது. பாதம் முழுசாகத் தரையில் பதிகிற உயரத்தில் ஒரு முக்காலி எடுங்கள். பின்னால் உட்கார்ந்து இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் பிடியுங்கள். அக்குளில் பிடித்தால் வேலை செய்வது உங்கள் கைதான், அவன் முதுகு இல்லை. முன்னால் ஒரு கிண்ணம் பொரி. முதலில் கைக்கெட்டும் தூரம், அப்புறம் ஒரு சாண் தள்ளி, அப்புறம் பக்கவாட்டில். எட்டி எடுத்துவிட்டு மறுபடி நிமிர்கிறானே, அந்த நிமிர்வுதான் பயிற்சி. தலை தொங்கினால் நிறுத்திவிடுங்கள். ஒரேயடியாக அரை மணி நேரம் வேண்டாம்; ஐந்து நிமிஷமாக நாலு தடவை போதும்.

வில்லியனூர்: பொண்ணு முட்டியை மடித்து, பாதம் இரண்டும் வெளியே போக, நடுவில் உட்காருகிறாள். திட்டலாமா?

திட்டாதீங்க. அகலமாக உட்கார்ந்தால்தான் விழ மாட்டோம் என்று அவளாகக் கண்டுபிடித்த வழி அது. ஆனால் அப்படியே வெகுநேரம் இருந்தால் உடம்பைத் திருப்பி எடை மாற்றும் வேலையே இடுப்புக்கு வராது. நடுநடுவே முக்காலிக்கு மாற்றுங்கள். ஜட்டி மாட்டும்போது தொடை முன்போல விரியவில்லை, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது என்றால் தள்ளிப்போடாமல் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இடுப்பு மூட்டு நழுவுவது வலி வருமுன்பே எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

பண்ருட்டி: சக்கரம் வைத்த வாக்கர் வாங்கலாமா?

கடையில் தொங்குகிற அந்தத் துணி சீட் வாக்கரா? வேண்டாம். நுனிக்காலில் தள்ளத்தான் பழகுவான்.

பாகூர் அப்பா ஒருவர்: இதெல்லாம் செய்தால் நடந்துவிடுவானா?

பார்க்காமல் சொன்னால் பொய்யாகிவிடும், அண்ணே. இயக்கத் திறனை 1 முதல் 5 வரை நிலை பிரித்துப் பார்ப்போம். 5-இல் இருக்கும் பிள்ளைக்குத் தலை நிற்பதே பெரிய காரியம். மூளையில் பட்ட சேதத்தைப் பயிற்சி மாற்றாது. உடம்பு நிலையாக நின்றால் சோறு விழுங்குவதும் கை வேலையும் சுலபமாகும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பதியாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: சில்வர் பீச் மணலில் உட்கார வைக்கலாமா?

தாராளமா. மணல் அசைய அசைய அவனும் சமாளித்தாக வேண்டும். இடுப்பை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சூடு தணிந்து, ஐந்து மணிக்கு மேல்.