கரண்ட் வைத்துவிட்டு அடுத்த பேஷண்ட்டைப் பார்க்கப் போகலாமா?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து ஒரு கிளினிக்கில் சேர்ந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சென்னையில் ஐஎஃப்டி (வலிக்கு வைக்கும் கரண்ட் சிகிச்சை) பேட் ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். இங்கே சூப்பர்வைஸ்டு, அட்டெண்டெட் என்று பிரித்துப் பில் போடுகிறார்கள். என்ன வித்தியாசம்? கரண்ட் வைத்ததை எல்லாம் அட்டெண்டெட் என்றே எழுது என்கிறார் மேனேஜர். எழுதலாமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எழுதாதீர்கள். நோட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து, உங்கள் லைசென்ஸ். மேனேஜர் பெயர் அதில் எங்கேயும் வராது.

இப்போது வித்தியாசத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சிகிச்சைக்கும் பில்லில் போட ஒரு கோட் எண் உண்டு. 97010 முதல் 97028 வரை உள்ள கோட் எண்கள் சூப்பர்வைஸ்டு. ஒத்தடம், டிராக்ஷன், மெழுகுக் குளியல், டயாதெர்மி (மின்காந்த அலையால் சூடு கொடுப்பது) எல்லாம் இதில்தான். மெஷினைப் பொருத்திவிட்டால் நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. நிமிடக் கணக்கும் இல்லை. பத்து நிமிடம் வைத்தாலும் இருபது நிமிடம் வைத்தாலும் ஒரு யூனிட்தான், அதாவது பில்லில் ஒரு எண்ணிக்கைதான். 97032 முதல் 97036 வரை அட்டெண்டெட். அல்ட்ராசவுண்ட், அயன்டோஃபொரேசிஸ் (கரண்ட் மூலம் மருந்தைத் தோலுக்குள் செலுத்துவது) போன்றவை. இங்கே நீங்கள் அந்த ஒரு பேஷண்ட்டோடு மட்டும் நேரடியாக இருந்து சிகிச்சை தர வேண்டும், 15 நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்று கணக்கு.

குழப்பம் வருவது கரண்ட்டில்தான், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் இருக்கிறது. முட்டி ஆபரேஷன் முடிந்து வந்தவரின் தொடையில் புரோபை (கரண்ட் கொடுக்கும் கைக்கருவியை) கையில் பிடித்து, எந்த இடத்தில் வைத்தால் தசை சுருங்குகிறது என்று தேடித் தேடி வைக்கிறீர்கள். அது 97032. நான்கு பேட் ஒட்டி, அளவு சரியா என்று கேட்டு, மணியைக் கையில் கொடுத்துவிட்டு நகர்கிறீர்கள். அது 97014, மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) பேஷண்ட் என்றால் அதற்குப் பதில் ஜி0283. ஊரில் நாம் வைத்த ஐஎஃப்டி அநேகமாக இந்த இரண்டாவது வகைதான். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால் அது அட்டெண்டெட் ஆகிவிடாது. அந்தச் சிகிச்சைக்கே நீங்கள் நேரடியாகத் தேவைப்பட்டீர்களா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. சூப்பர்வைஸ்டு என்றால் உதவியாளரை விட்டுச் செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். எய்டு (லைசென்ஸ் இல்லாத உதவியாளர்) செய்த வேலைக்கு, நீங்கள் மேற்பார்வை பார்த்தாலும், மெடிகேர் பணம் தராது. லைசென்ஸ் உள்ள பிடிஏ, அதாவது பிசியோதெரபி அசிஸ்டென்ட், செய்யலாம். அதற்கு சிக்யூ என்று குறியீடு போட வேண்டும், 2022-இலிருந்து அதற்கு வழக்கமான தொகையில் 85 சதவீதம்தான் கிடைக்கும்.

நிமிடக் கணக்கை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். மெடிகேர் பேஷண்ட், முட்டி வலி. ஒத்தடம் 10 நிமிடம், பேட் கரண்ட் 15, அல்ட்ராசவுண்ட் 8, மேனுவல் தெரபி (கையால் செய்யும் சிகிச்சை) 10, உடற்பயிற்சி 20. ஒத்தடத்துக்கு மெடிகேர் தனியாகப் பணம் தருவதில்லை. பேட் கரண்ட் ஒரு யூனிட், அதோடு அதன் கதை முடிந்தது. மற்ற மூன்றுக்கும் நிமிடக் கணக்கு உண்டு, கூட்டினால் 38 நிமிடம். மெடிகேர் கணக்கில் மொத்த நிமிடம் 8 முதல் 22 வரை ஒரு யூனிட், 23 முதல் 37 வரை இரண்டு, 38 முதல் 52 வரை மூன்று. ஆக உடற்பயிற்சி, மேனுவல், அல்ட்ராசவுண்ட், ஆளுக்கு ஒன்று. அல்ட்ராசவுண்ட் ஏழே நிமிடம்தான் ஓடியது என்றால் மொத்தம் 37, இரண்டே யூனிட். அந்த ஒரு நிமிடத்தில்தான் கை தடுமாறும் தம்பி. "சும்மா எட்டு என்று போடு" என்பார்கள். ஓடியது ஏழு என்றால் ஏழு என்றே எழுதுங்கள். நோட்டில் நிமிடக் கணக்கு உள்ள சிகிச்சைகளின் நிமிடக் கூட்டுத்தொகை தனியாகவும், சிகிச்சையின் மொத்த நேரம் தனியாகவும் இருக்க வேண்டும்.

தனியார் இன்சூரன்ஸ் சிலவற்றில் கூட்டல் கிடையாது. ஒவ்வொரு சிகிச்சையும் தனித்தனியாக 8 நிமிடத்தைத் தொட வேண்டும். மேனுவல் 7, அல்ட்ராசவுண்ட் 7 என்றால் மெடிகேரில் ஒரு யூனிட் கிடைக்கும், அவர்களிடம் ஒன்றும் கிடைக்காது. யார் எந்த வழி என்று பில்லிங் பார்ப்பவரிடம் ஒரு பட்டியல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் பார்ப்பது பெரிய வலை. ஒருவருக்குப் பேட் ஒட்டிவிட்டு இன்னொருவருக்கு அல்ட்ராசவுண்ட் கொடுப்பதில் தப்பில்லை. இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே அரை மணி நேரத்தை இருவருக்கும் தனித்தனிச் சிகிச்சை என்று எழுத முடியாது. நான் முன்பு இருந்த ஒரு கிளினிக்கில் தணிக்கைக்கு வந்தவர் பேஷண்ட் நோட்டைக்கூட முதலில் திறக்கவில்லை. அப்பாயின்ட்மென்ட் ஷெட்யூலைத்தான் கேட்டார். பத்து மணிக்கு ஒரே தெரபிஸ்ட் பெயரில் இரண்டு பேர் இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேச முடியவில்லை.

மேனேஜரை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று புரிகிறது. விசா அவர்கள் கையில் இருக்கிறதே என்ற பயம்தான் நம்மை வாயடைக்க வைக்கிறது. சண்டை போட வேண்டாம். "எந்தச் சூழ்நிலையில் 97032 போடலாம் என்று எழுத்தில் சொல்லுங்கள், அப்படியே செய்கிறேன்" என்று மெயிலில் கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். விடவில்லை என்றால் வேறு கிளினிக் தேடுங்கள். ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவருக்காகப் புது முதலாளி மனு போட்ட உடனே அங்கே வேலை ஆரம்பிக்கலாம், அப்ரூவலுக்குக் காத்திருக்க வேண்டாம். வேலை போனாலும் பொதுவாக 60 நாள் வரை அவகாசம் உண்டு. மெடிகேர் போன்ற அரசுத் திட்டத்துக்குப் பொய் பில் தெரிந்தே போட்டதாக நிரூபணமானால் ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் சட்டத்தில் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கும், ஒவ்வொரு பில்லுக்கும் தனி அபராதமும் வரும். அதையே வெளியே சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இந்த வாரமே ஒரு பழக்கம் ஆரம்பியுங்கள்: ஒவ்வொரு சிகிச்சையும் முடிந்த கையோடு நிமிடத்தைக் குறித்துவிடுங்கள். சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதும்போதுதான் ஏழு எட்டாகிறது.