450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் ஆர்டிஎக்ஸ் 3060 ஓடுமா?

ஐ5-12400எஃப் பிராசஸர், கேபினெட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி). இதில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 450 என்ற எண்ணை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். சாஃப்ட்வேர் எதிலும் தேடாதீர்கள். சாதாரண எஸ்எம்பிஎஸ் தன் வாட் அளவை மதர்போர்டுக்குத் தெரிவிப்பதே இல்லை.

லேபிளில் +3.3, +5, +12 வோல்ட் என்று கட்டம் போட்டிருப்பார்கள். உங்களுக்கு முக்கியம் +12 தான். கார்டும் பிராசஸரும் கரண்ட் எடுப்பது அங்கிருந்துதான். அதில் உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள், வருவதுதான் அங்கே கிடைக்கும் வாட். நண்பர்களுக்கு சிஸ்டம் அசெம்பிள் செய்து தருவது என் வழக்கம். ஒரு தம்பி கொண்டுவந்த எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய எழுத்தில் 450 வாட், +12 கட்டத்தில் 18 ஆம்பியர். ஆக, 216 வாட்! மீதியெல்லாம் 3.3-லும் 5-லும் காட்டிய கணக்கு, கார்டுக்குப் பிரயோஜனமில்லை. தரமான 450 வாட்டில் அதே கட்டத்தில் 36, 37 ஆம்பியர் இருக்கும். 12 வோல்ட்டுக்கே இரண்டு கட்டம் இருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். சேர்த்துப் போட்டிருக்கும் மொத்த வாட்தான் கணக்கு.

இனி உங்கள் தேவை. 3060-க்கு 170 வாட். 12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரு 50 வையுங்கள். ஏறக்குறைய 340. கார்டு கண நேரத்துக்கு இதைத் தாண்டியும் இழுக்கும் என்பதால் கொஞ்சம் இடம் விட வேண்டும். என்விடியா சொல்வது 550 வாட். ஆனாலும் +12-ல் 36 ஆம்பியர், 80 பிளஸ் முத்திரை (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று), கார்டில் சொருகும் 6+2 பின், அதாவது எட்டு பின் பிசிஐஇ கேபிள் மூன்றும் இருந்தால் உங்கள் 450-லேயே நான் போட்டுக் கொடுப்பேன்.

அந்தக் கேபிள் விஷயத்தில் தயவுசெய்து சமாளிக்கப் பார்க்காதீர்கள். கார்டு உட்காரும் மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட், எட்டு பின் கேபிள் தருவது 150. பெரும்பாலான 3060 கார்டுகளுக்கு இது போதும். கேபிள் இல்லையென்றால் கடையில் சாட்டா கன்வெர்ட்டர் (ஹார்ட் டிஸ்க்குக்கான கனெக்டரிலிருந்து கார்டுக்குக் கரண்ட் எடுக்கும் கேபிள்) எடுத்து நீட்டுவார்கள். ஒரு சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். லோடு ஏறினால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். பிராசஸருக்கான 4+4 பின் கேபிளும் பார்க்க கார்டு கேபிள் மாதிரியே இருக்கும். அதில் பாசிட்டிவும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். அழுத்திச் சொருகினால் ஷார்ட்தான்.

லேபிள் சரியில்லையா? கார்டு வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டு, முதலில் நல்ல 550 வாட் 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். பட்ஜெட் இடித்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். அல்லது ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு பாருங்கள், அதற்கு 115 வாட்தான். அதற்கும் எட்டு பின் கேபிள் வேண்டும், 216 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதுவும் ஓடாது.

யுபிஎஸ் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ மாடல்கள் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் மானிட்டரையும் சேர்த்து அதனால் இழுக்க முடியாது, சிஸ்டம் அப்படியே ஆஃப் ஆகிவிடும். 1000 விஏ-வுக்குக் குறையாமல் வாங்குங்கள்.