திருகோணமலையில் பார்த்த வெள்ளைக்கண்ணி மலைநாட்டுப் பறவையா?

கேள்வி: உப்புவெளியில் எங்கள் வீட்டு முருங்கையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள பச்சைக் குருவிகள் வந்தன. இலங்கைக்கு மட்டுமே உரிய வெள்ளைக்கண்ணி இதுதானா?

அநேகமாக இல்லை. இலங்கையில் வெள்ளைக்கண்ணி இரண்டு வகை. உங்கள் முருங்கைக்கு வந்தது இந்தியாவிலும் இருக்கும் சாதாரண வகையாக இருக்கும். இலங்கைக்கே உரியது மலைநாட்டுக் காடுகளை விட்டுத் தாழ்நிலத்துக்கு அவ்வளவாக இறங்காது. (கோணேசர் கோயில் இருப்பதும் மலைதானே என்று கேட்காதீர்கள், அது கடலோரப் பாறை!) இலங்கைக்கே உரிய அந்தக் குருவியைப் பார்க்க நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கம் போகவேண்டும். அங்கே கூட்டம் கூட்டமாகத் திரியும்.

நிறத்தைப் பாருங்கள். மலைக்குருவியின் முதுகு கரும்பச்சை, உடம்பும் சற்றுப் பெரிது. நம் ஊர்க் குருவி மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. வளையத்தை நம்பிப் பயனில்லை, இரண்டுக்கும் உண்டு. வளையம் என்கிறோமே தவிர, கிட்டப் பார்த்தால் அலகுப் பக்கம் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும்.

சாப்பாடு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: சின்னப் பூச்சிகள், பழம், பூந்தேன். நாக்கு நுனி தூரிகை மாதிரிப் பிரிந்திருப்பதால் தேனை ஒற்றி எடுக்க வசதி. உங்கள் முருங்கை பூத்திருந்ததா? அப்படியென்றால் நாளைக் காலையும் வரக்கூடும். கூட்டம் கலைந்துவிடாமலிருக்க ஒன்றையொன்று கூப்பிட்டபடியே மேயும், ஆகவே முதலில் காதில்தான் விழும்.