லிஸ்பன் - ஹெல்சின்கி: நேரடி விமானமா, பிராங்க்பர்ட் வழியா?

கேள்வி: லிஸ்பனில் படிக்கிறேன், ஹெல்சின்கியில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போக வேண்டும். தூரம் ஒரு தளத்தில் 3,360, இன்னொன்றில் 2,090, வேறொன்றில் 1,815 என்று இருக்கிறது. நேரடி விமானம் காலை 10:00-க்குக் கிளம்பி மாலை 4:40-க்குச் சேர்கிறது, ஆனால் திரும்பி வரும்போது 10:00-க்குக் கிளம்பினால் 12:50-க்கே லிஸ்பன் வந்துவிடுகிறதாம். இது எப்படி? பிராங்க்பர்ட் வழியாகப் போனால் 70 யூரோ மிச்சம். எதை வாங்கட்டும்?

பதில்: மூன்று தூரமும் ஒன்றுதான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசியாக வருவது விமானிகளும் மாலுமிகளும் கணக்கிடும் கடல் மைல். பல தளங்கள் எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டு அலகை எங்கோ மூலையில் ஒளித்து வைக்கின்றன.

நேரக் குழப்பத்துக்கும் காரணம் சின்னதுதான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், ஹெல்சின்கி கடிகாரம் லிஸ்பனைவிட 2 மணி நேரம் முன்னால் ஓடுகிறது, கோடையிலும் குளிர்காலத்திலும் அதே வித்தியாசம்தான். அதனால் போகும்போது 2 மணி நேரத்தைக் கழியுங்கள், 4 மணி 40 நிமிடம். வரும்போது கூட்டுங்கள், 4 மணி 50 நிமிடம். மேலே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் திரும்பும் பயணம் வழக்கமாகக் கொஞ்சம் இழுக்கும்.

சரி, எதை வாங்குவது? தூரத்தை மட்டும் பார்த்தால் பிராங்க்பர்ட் நல்ல இடம், ஏறக்குறைய நேர்வழியிலேயே இருக்கிறது, இரண்டு பறத்தலையும் கூட்டினால் சுமார் 3,410 கி.மீ.தான், அதாவது 50 கி.மீ. சுற்று. போர்ச்சுகல், ஜெர்மனி, பின்லாந்து மூன்றும் ஷெங்கன் (தங்களுக்குள் எல்லையில் பாஸ்போர்ட் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் பகுதி) என்பதால் நடுவில் பாஸ்போர்ட் வரிசையும் கிடையாது. இதையே இஸ்தான்புல் வழியாக மலிவாகக் காட்டினால் தொடாதீர்கள், சுமார் 2,000 கி.மீ. கூடுதல், ஷெங்கனை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வர வேண்டும்.

ஆனால் அந்த 70 யூரோ எப்படிக் குறைந்தது என்று பாருங்கள். 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று எங்காவது பொடி எழுத்தில் இருந்தால் அது இரண்டு தனித்தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டால் புது டிக்கெட் உங்கள் செலவு, செக்-இன் பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். அப்படியென்றால் நான் நேரடி விமானத்தையே வாங்குவேன். ஒரே புக்கிங்காக இருந்து, நடுவில் இரண்டு மணி நேரமாவது இருந்தால் பிராங்க்பர்ட் தாராளமாகப் போகலாம், மாணவருக்கு 70 யூரோ சின்னத் தொகை இல்லையே. அப்புறம், பெட்டிக் கட்டணத்தையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

ஒரே புக்கிங்குக்கு இன்னொரு பலனும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, ஹெல்சின்கிக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் 400 யூரோ இழப்பீடு கேட்கலாம். ஒன்றியத்துக்குள் 1,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்துக்கான தொகை அது. தூரத்தை லிஸ்பனுக்கும் ஹெல்சின்கிக்கும் நேராகவே அளப்பார்கள், நடுவில் எங்கே மாறினீர்கள் என்பது கணக்கில் வராது. புயல் மாதிரி விமான நிறுவனத்தின் கை மீறிய காரணம் என்றால் இந்தப் பணம் கிடைக்காது, ஆனால் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் அப்போதும் தர வேண்டும். 400 யூரோவுக்குப் பதில் வவுச்சரை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் அதை உங்கள் தலையில் கட்ட முடியாது.