பி.எஸ்.6 வரும்வரை என்ன செய்வது? கன்சோல் கேள்வி-பதில்

பி.எஸ்.6 எப்போது வரும்? இப்போது பி.எஸ்.5 வாங்கினால் பணம் வீணா? (வேளச்சேரி)

டிவியில் மாட்டி விளையாடும் கேம் மெஷின்தான் கன்சோல். அதில் சோனியின் பிளேஸ்டேஷன் (பி.எஸ்.) வரிசை வந்த வருடங்களைப் பாருங்கள்: 1994, 2000, 2006, 2013, 2020. ஆறேழு வருடத்துக்கு ஒன்று. அந்தக் கணக்கில் 2027 கடைசி வருகிறது. மைக்ரோசாஃப்ட்டின் உள் ஆவணங்கள் 2023-ல் ஒரு வழக்கின்போது வெளியே கசிந்தன. அவற்றில் அவர்களுடைய கன்சோலான எக்ஸ்பாக்ஸின் அடுத்த மாடலுக்கு 2028 என்று குறித்திருந்தார்கள். அப்புறம், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டே போனது. கன்சோல் தயாரிப்பவர்கள் அவசரப்படுவதற்கான காலம் இது இல்லை.

புதியது வந்தாலும் பழையது மறுநாளே செத்துவிடாது. பி.எஸ்.5 வந்து இரண்டு வருடம் கழித்து, 2022-ல் வெளியான காட் ஆஃப் வார் ராக்னராக் என்ற கேம் பி.எஸ்.4-லும் ஓடியது. விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதும் பலிக்காது. இந்தியாவில் 50 ஆயிரத்துக்கு வந்த, டிஸ்க் போடும் பி.எஸ்.5 மாடல் பிறகு 55 ஆயிரம் ஆனது. அமெரிக்காவிலும் 2025-ல் ஏற்றினார்கள். விளையாட நேரம் இருக்கிறதா? இப்போதே வாங்குங்கள். பில்லோடு வாங்குங்கள்.

பி.எஸ்.6-க்கு முன்பதிவு என்று ஒரு கடையில் 5 ஆயிரம் கட்டிவிட்டேன். சரிதானே? (பெரம்பூர்)

சரியில்லை. விலை, தேதி, மாடல் எதுவும் அறிவிக்காத பொருளுக்கு முன்பதிவு கிடையாது. இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள். ரசீதாவது வாங்கினீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை.

பெஸ்ட் கன்சோல் எது? அர்ஜென்ட், உடனே பதில் தேவை. (ஊர் குறிப்பிடவில்லை)

பட்ஜெட் என்ன, வீட்டில் என்ன டிவி, விளையாடப்போவது எட்டு வயதுப் பிள்ளையா நீங்களா, நண்பர்கள் எதில் விளையாடுகிறார்கள்? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் உடனே பதில் வேண்டும் என்றால் எப்படி? இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள்.

டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் விலை குறைவு. அடுத்த தலைமுறையில் டிஸ்க்கே இருக்காதாமே? அப்படியென்றால் கேமை டவுன்லோட் மட்டுமே செய்யும் டிஜிட்டல் மாடலுக்கு இப்போதே மாறிவிடலாமா? (அம்பத்தூர்)

கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

முதலில் காசு. புதிய கேம் டிஸ்க் சுமார் 5 ஆயிரம். முடித்ததும் ரிச்சி தெருவிலோ தெரிந்தவரிடமோ கொடுத்தால் பாதியாவது திரும்ப வரும். நண்பனோடு மாற்றிக்கொண்டால் அடுத்த கேமுக்குச் செலவே இல்லை. நம் ஊரில் நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் கன்சோல் விளையாடியது இந்தக் கைமாற்றில்தான். டிஜிட்டல் மாடலில் மிச்சம் பிடித்த 10 ஆயிரம் நாலைந்து கேமில் கரைந்துவிடும். அதற்குப் பிறகு கன்சோல் கம்பெனியின் ஆன்லைன் கடை ஒன்றுதான், அவர்கள் சொல்வதுதான் விலை.

இரண்டாவது, உரிமை. டிஜிட்டலில் நீங்கள் வாங்குவது கேமை அல்ல, விளையாடும் அனுமதியை. நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களின் ஆன்லைன் கடைகளை 2023 மார்ச்சில் விற்பனைக்கு மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. பி.எஸ்.3, வீடா (கையில் வைத்து விளையாடும் கன்சோல்) கடைகளை மூடப்போவதாக 2021-ல் சோனி அறிவித்தபோது, விளையாடுகிறவர்கள் போட்ட சத்தத்தில்தான் பின்வாங்கியது. டிஸ்க்கும் முழுக் காப்பீடு இல்லை என்பது உண்மைதான். சர்வரையே நம்பி ஓடிய தி க்ரூ என்ற கேமை அதன் கம்பெனியான யூபிசாஃப்ட் 2024-ல் நிறுத்தியபோது டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் விளையாட முடியவில்லை. ஆனால் தனியாக ஆடும் கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு டிஸ்க்தான் கடைசிப் பிடி.

கேட்டால் கொடுப்பார்கள் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2013-ல் பழைய கேம்களை மறுவிற்பனை செய்வதற்கு எக்ஸ்பாக்ஸ் ஒன் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பிய சில வாரத்திலேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. நாம் எல்லோரும் டிரைவ் இல்லாத மாடலையே வாங்கிக் குவித்தால், அடுத்ததில் டிரைவ் வைக்க அவர்களுக்கு என்ன அவசியம்? பட்ஜெட் உதைத்தால், டிரைவைத் தனியாக மாட்டிக்கொள்ளும் வசதியுள்ள பி.எஸ்.5 ஸ்லிம் மாடலையாவது எடுங்கள். மாட்டும்போது ஒருமுறை இன்டர்நெட் வேண்டும், நினைவிருக்கட்டும்.

என் பி.எஸ்.4, பி.எஸ்.5 கேம்கள் புதியதில் ஓடுமா? (தாம்பரம்)

ஓடும் என்று எதிர்பார்க்க நல்ல காரணம் இருக்கிறது. பி.எஸ்.4 முதல் சோனி, ஏஎம்டி என்ற கம்பெனியின் சிப்பில்தான் இருக்கிறது. அதனால்தான் பி.எஸ்.4 கேம்களில் 99 சதவீதத்துக்கு மேல் பி.எஸ்.5-ல் ஓடுகின்றன. 2025 அக்டோபரில் சோனியின் கன்சோல் வடிவமைப்பாளர் மார்க் செர்னி ஏஎம்டி அதிகாரியோடு சேர்ந்து அடுத்த கன்சோலுக்கான தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசினார். மைக்ரோசாஃப்ட்டும் ஏஎம்டியோடு கைகோத்ததை அதே ஆண்டு ஜூனில் அறிவித்துவிட்டது. பி.எஸ்.3-ல் இருப்பது செல் என்ற தனி ரகச் சிப். அந்த டிஸ்க்குகளுக்குப் பழைய மெஷினைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய கன்சோலை நினைத்து இப்போதே டிவி மாற்றலாமா? கடைக்காரர் 120 ஹெர்ட்ஸ் என்கிறார். (அண்ணா நகர்)

திரையில் நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். பெட்டியில் போட்ட எண்ணை நம்பாதீர்கள். மோஷன் ரேட் என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது 60 ஹெர்ட்ஸ் பேனலாக இருக்கலாம். பேனல் 120 ஹெர்ட்ஸா, எச்டிஎம்ஐ 2.1 (4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் ஏற்கும் இணைப்பு) எத்தனை போர்ட்டில், விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகமும் மாறும் வசதி) உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். பல டிவிகளில் ஒன்றிரண்டு போர்ட்தான் 2.1. சவுண்ட்பாரும் அதிலேயே வந்து உட்கார்ந்தால் இடம் போச்சு.

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல் பர்மா பஜாரில் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? (ராயபுரம்)

நிண்டெண்டோவுக்கு இங்கே அதிகாரபூர்வ விற்பனை இல்லை, அதனால் வாரண்டியும் இல்லை. மலிவு என்றால் ஜப்பான் மொழி மாடலா என்று முதலில் பாருங்கள். அதில் மொழியை மாற்ற முடியாது, ஜப்பான் கணக்கு மட்டுமே சேரும். கடைக்காரர் எதிரிலேயே பெட்டியைப் பிரித்து ஆன் செய்து, பெட்டியிலுள்ள சீரியல் நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய மெமரி கார்டில் கேம் ஏற்ற முடியாது, மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு வேண்டும்.

பி.எஸ்.5 ப்ரோ ஏன் இங்கே வரவில்லை? (கோடம்பாக்கம்)

2024 நவம்பரில் அது வெளியானபோது, அதிலுள்ள வைஃபை 7-க்குத் தேவையான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள் வாரண்டி இல்லாமல் ஓட்டுகிறார்கள்.

கடற்கரைக்குப் பக்கத்து வீடு, கரண்ட் அடிக்கடி போகிறது. கன்சோல் தாங்குமா? (திருவான்மியூர்)

வோல்டேஜ் ஏறி இறங்குவதை உள்ளேயிருக்கும் பவர் சப்ளை ஓரளவு சமாளிக்கும். கேம் சேவ் ஆகும்போதோ அப்டேட் ஏறும்போதோ கரண்ட் போவதுதான் ஆபத்து. பி.எஸ்.5 விளையாடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். டிவியையும் சேர்த்தால் 1 கேவிஏ யூபிஎஸ் போதும், சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். உப்புக் காற்று வீட்டில் மூடிய டிவி அலமாரிக்குள் வைக்காதீர்கள். தூசியை மாதம் ஒருமுறை துடையுங்கள். வாரண்டி முடியும்வரை நீங்களாகப் பிரிக்க வேண்டாம், பில்லையும் தூக்கிப் போட வேண்டாம்.