தலைக்காயத்துக்குப் பின் இரவு பகலாகிறதா?

கேள்வி: கார் விபத்தில் தலையில் அடிபட்டு, மூன்று மாதம் முன்பு வீடு திரும்பிய தம்பி பகலெல்லாம் தூங்குகிறான், இரவு இரண்டு மணிக்கு எழுந்து நடமாடுகிறான். சளி மாத்திரை கொடுத்தால் தூங்குகிறான். தொடரலாமா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: வேண்டாம் அம்மா. தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகள் மறுநாள் மந்தத்தையும் மறதியையும் கூட்டும். தேறிவரும் மூளைக்கு அது கெடுதல். உடலின் உள்கடிகாரமும், தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பும் காயத்தால் தடுமாறினால் இப்படித்தான் இரவும் பகலும் புரளும்.

எப்போது தூங்கியிருந்தாலும் காலை 6.30-க்கு எழுப்பி, அரை மணி நேரம் வாசல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். பகல் தூக்கம் ஒரே தடவை, 30 நிமிடம், 3 மணிக்குள். சோபாவில் அல்ல, அலாரம் வைத்துக் கட்டிலில். பாவம், அதையும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள். சாயங்காலம் எரிச்சலும் தலைவலியுமாக நிற்பான். மதியத்துக்குப் பின் டீ, காபி, கோலா கூடாது. டிசம்பரில் டர்பனில் 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும் என்பதால் ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள்.

குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் தூக்கப் பரிசோதனை தேவை. தம்பி வலிப்பு மாத்திரை சாப்பிட்டால், அதுவும் தூக்கக் கலக்கம் தரலாம். நீங்களாக நிறுத்தாமல், நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தட்டி எழுப்பியும் விழிக்கவில்லை, வாந்தி, தலைவலி ஏறிக்கொண்டே போகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.